யார் முந்திக் கொடுப்பது

கடலக ஒன்றியத்தின் புதிய தடைப்பட்டியல் வெளியான அன்று காலை, கொழும்பில் வெளியுறவு அமைச்சின் மூன்றாம் மாடியில் சாம்பவி இராசநாயகம் அதை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். அந்தக் கட்டிடத்தில் அதை முழுவதும் வாசித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். ஏவுகணைப் பாகங்கள், கப்பல் வழிகாட்டிகள், தானியங்கிக் கட்டுப்பாட்டகம் உள்ள சாதனங்கள். இவற்றில் எதையும் இனி இலங்கைக்கு விற்கக் கூடாது. ஏற்கெனவே விற்றவற்றுக்குச் சேவை வழங்கவும் கூடாது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெற்குக் கரையில் பெருநிலக் கூட்டமைப்பு ஒரு செயற்கைக்கோள் நிலையம் அமைக்க நாடு இடம் கொடுத்திருந்தது. பெருநிலம், கடலகம் என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அப்போது உலகத்தின் தொழில்நுட்பம் முழுவதும் பங்குபோட்டுக் கிடந்தது. ஒன்றோடு கைகுலுக்கினால் மற்றது கதவைச் சாத்தும்.

இந்தக் கைகுலுக்கலும் கதவடைப்பும்தான் சாம்பவியின் துறை. சர்வதேசத் தொழில்நுட்பப் போட்டி. அமைச்சில் சேர்ந்த புதிதில், “பந்தயத்திலேயே இல்லாத நாட்டுக்குப் பந்தய நிபுணர் எதற்கு?” என்று ஒரு மேலதிகாரி சிரித்தார். அவள் கோபிக்கவில்லை. மாநாடுகளுக்குப் போனாள், பின்வரிசையில் இருந்தாள், யாரும் தொடாத பின்னிணைப்புகளை வாசித்தாள், அறிக்கை எழுதினாள். அப்படியே இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. தலைமுடி நரைத்தது. இடையில் ஒரு புத்தகமும் எழுதினாள். அதை வாங்கியவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள்.

பட்டியலை மூடிவைத்த கையோடு தொலைபேசி அடித்தது.

“மிஸ், நான் மன்னார் ஆஸ்பத்திரியில இருந்து டொக்டர் நிரோசன் கதைக்கிறன். சிறுநீரகப் பிரிவு. முந்தி ஒருக்கா இஞ்ச ஒரு கூட்டத்துக்கு வந்தனீங்கள், ஞாபகம் இருக்கோ தெரியேல்ல.”

“ஞாபகம் இருக்கு டொக்டர். சொல்லுங்கோ.”

“எங்கட ஆக்களின்ர கிட்னியைப் புதுப்பிக்கேலாமக் கிடக்கு. விடிய வந்ததில இருந்து முயற்சி செய்யிறம். அங்கால இருந்து ஒரே மறுமொழிதான் வருது. ‘இந்த நாட்டுக்குச் சேவை இல்லை’யாம். ஏதும் பிழை நடந்திருக்குமோ?”

சாம்பவி பட்டியலை மறுபடி திறந்தாள். தானியங்கிக் கட்டுப்பாட்டகம் உள்ள சாதனங்கள். அந்த வரியில் விரலை வைத்தாள்.

“பிழை இல்லை டொக்டர். நான் வாறன்.”

செயற்கைச் சிறுநீரகத்தை உலகில் இரண்டே இரண்டு இடங்களில்தான் செய்தார்கள். இலங்கைக்கு வந்தது கடலகத்தினுடையது. உள்ளங்கையளவுதான் இருக்கும். வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டால், அதுவரை வாரத்தில் பாதியை இயந்திரத்தோடு கட்டிலில் கழித்த மனிதர் எழுந்து வயலுக்கும் கடலுக்கும் போவார். வடக்கிலும் வடமத்தியிலும் ஆயிரக்கணக்கானோர் அப்படி எழுந்து போயிருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் அதற்குத் தேவை. சில மாதங்களுக்கு ஒருமுறை, உடலின் மாற்றத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்து, தயாரித்தவர்கள் தங்கள் மின்கையொப்பத்தை அனுப்ப வேண்டும். கையொப்பம் வராவிட்டால் சிறுநீரகம் சில நாள்களிலேயே சோர்ந்து நின்றுவிடும்.

மன்னாரில் வைத்தியர் நிரோசன் அவளை நேரே ஒரு பாடசாலை மைதானத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். முதலில் நின்றுபோகக்கூடிய சிறுநீரகங்களில் ஒன்றைச் சுமந்தவர் அங்கேதான் இருந்தார். பிலோமினா ரீச்சர். பெண்கள் கரப்பந்து அணியின் பயிற்றுநர். கழுத்தில் விசில் தொங்கியது. வெயிலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, சேர்வீஸ் போட்ட பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார். சப்பாத்து நாடாக்கள் இரண்டையும் அவிழ்த்து விட்டிருந்தார்.

“கால் வீங்குது,” என்றார், சாம்பவி அதைப் பார்ப்பதைக் கண்டு. “எனக்கு விளங்கினது சரியோ எண்டு சொல்லுங்கோ மிஸ். எங்கயோ ரெண்டு பேருக்குச் சண்டை. அதுக்கு என்ர வயித்துக்குள்ள இருக்கிற சாமானை நிப்பாட்டினம்.”

“வேணுமெண்டு செய்யேல்ல ரீச்சர். சட்டம் எழுதேக்க ஏவுகணையை நினைச்சு எழுதினவை. அதில இருக்கிற மாதிரி ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு உங்கட கிட்னிக்குள்ளயும் இருக்கு. அதால மாட்டுப்பட்டுப் போச்சு.”

“அப்ப எடுத்துச் சொன்னா விட்டிடுவினம்தானே?”

“விடமாட்டினம். விட்டா, மற்றவனுக்குப் பயந்து விட்டதெண்டு கதை வரும். குண்டுக்குப் பயப்பிடாத நாடுகள் அந்தக் கதைக்குப் பயப்பிடும்.”

ரீச்சர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். யாரையோ இடம் மாற்றி நிற்கச் சொன்னார். பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினார். “பழைய டயலிசிஸ் மெசினுகள் இருக்குமே டொக்டர்?”

“கிட்னி வந்தாப் பிறகு ஆருக்கும் தேவைப்படேல்ல ரீச்சர். நாடு முழுக்கத் தேடினாலும் ஓடுற மெசின் கொஞ்சம்தான் தேறும்.”

“அப்ப நீங்கள்தான் மிஸ்,” என்றார் ரீச்சர், சாம்பவியைப் பார்த்து. கெஞ்சல் எதுவும் இல்லாமல், களத்தில் ஒருத்தியை இடம் குறித்து நிறுத்துவது போல அதைச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சாம்பவி தொலைபேசியில் இருந்தாள். பின்வரிசையில் கூட இருந்த பழைய நண்பர்கள் பலர் இப்போது தங்கள் நாடுகளில் நல்ல பதவிகளில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதிலிருந்து ஒன்று தெரிந்தது. பெருநிலமும் இதையே செய்திருந்தது. கடலகத்தோடு நட்பான தீவு நாடுகள் சிலவற்றில் பெருநிலத்தின் சிறுநீரகங்கள் சோரத் தொடங்கியிருந்தன. இரண்டு பக்கமும் மனித உடல்களைப் பிடித்துவைத்திருந்தன. இரண்டு பக்கத்துக்கும் அதை விடுவதற்கு வழி தெரியவில்லை.

செயலாளர் அபேரத்ன அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஜெனீவாவில் தொழில்நுட்பத் தரநிர்ணய மாநாடு தொடங்கவிருந்தது.

“போய் என்ன செய்வீர்கள்? கெஞ்சவா, மிரட்டவா?”

“மிரட்ட எங்களிடம் என்ன இருக்கிறது சேர்? கெஞ்சினால் அனுதாபம் மட்டும்தான் கிடைக்கும். நான் இவர்களை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெல்ல வேண்டும் என்ற ஆசையில் இவர்கள் ஓடுவதில்லை. மற்றவன் முந்திவிடுவானோ என்ற பயத்தில்தான் ஓடுகிறார்கள். இதுவரை யார் முந்திப் பறிப்பது என்று ஓடினார்கள். யார் முந்திக் கொடுப்பது என்று ஓட வைக்கலாம்.”

“எப்படி?”

“எந்தச் சிறுநீரகத்தை வாங்குவது என்று இன்னும் முடிவெடுக்காத நாடுகள் எத்தனையோ இருக்கின்றன. எல்லாரும் இப்போது மன்னாரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘உடலுக்குள் வைத்ததை நாங்கள் ஒருபோதும் நிறுத்த மாட்டோம்’ என்று எந்தப் பக்கம் முதலில் சொல்கிறதோ, அந்தப் பக்கம் அத்தனை நாடுகளையும் அள்ளிக்கொண்டு போகும்.”

“இது அவர்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சேர். மற்றவனுக்கும் தெரியும் என்பதுதான் இன்னும் உறைக்கவில்லை.”

அபேரத்ன கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விளையாட்டுக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தால் இரண்டு பேரின் பட்டியலிலும் ஏறுவோம். பொய் ஏதும் சொல்லப் போகிறீர்களா?”

“ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்.”

ஜெனீவாவில் முதலில் இசபெல் தானோவைச் சந்தித்தாள். கடலகத்தின் பேச்சாளர். எத்தனையோ மாநாடுகளில் எதிரெதிரே இருந்து பழகியவர். மாநாட்டு மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய கோப்பிக் கடையில் இருவரும் அமர்ந்தார்கள்.

“மன்னாரைப் பற்றி வாசித்தேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது,” என்றார் தானோ. “ஆனால் விலக்குக் கேட்டு வந்திருந்தால், என்னால் முடியாது சாம்பவி. தலைநகரில் யாரும் கேட்க மாட்டார்கள்.”

“விலக்குக் கேட்க வரவில்லை. ஒன்று தெரிந்துகொள்ள வந்தேன். நாளை காலை பெருநிலம் எழுந்து, உடலுக்குள் வைத்த எதையும் இனி நிறுத்த மாட்டோம் என்று சபையில் சொன்னால், உங்களிடம் மறுமொழி தயாராக இருக்கிறதா?”

தானோ கோப்பையை மேசையில் வைத்தார். “சொல்லப் போகிறார்களா?”

“எனக்குத் தெரியாது. இங்கிருந்து போய் வோல்மரைச் சந்திக்கிறேன்.”

“அவரிடம் என்ன பேசப் போகிறீர்கள்?”

“இதே கேள்வியைத்தான் கேட்பேன். உங்கள் பெயரைப் போட்டு.”

தானோ அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். சிரிப்பு ஒன்று வந்து பாதியில் நின்றது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பெருநிலத்தின் வோல்மர் பெரிய உருவம், கரகரத்த குரல். அவர் எழுதிய சலிப்பூட்டும் பின்னிணைப்புகளை உலகத்தில் வாசித்த ஒரே ஆள் சாம்பவி என்பதால் அவள்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவளுடைய கேள்வியைக் கேட்டதும் தாடையைத் தடவினார்.

“தானோ உங்களிடம் என்ன சொன்னார்?”

“ஒன்றும் சொல்லவில்லை. கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.”

வோல்மர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்க் கட்டிடத்தின் வாசலில் தானோ தொலைபேசியில் பேசியபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். வோல்மர் தன்னுடைய கோப்பியையும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை மண்டபத்துக்குள் நுழையும்போது மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. “பேசாலை ஊர்ச் சூசைதாசன் ஐயா தவறிட்டார் மிஸ்,” என்றார் நிரோசன். அவர் குரல் உலர்ந்திருந்தது. “மெசினுக்கு அவரின்ர முறை வரமுன்னமே முடிஞ்சுது. பிலோமினா ரீச்சரை ஆஸ்பத்திரி வோட்டில சேத்திட்டம். வாடிப்போய்க் கிடக்கிறா. எவ்வளவு சுணங்கும் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“இண்டைக்குத் தெரிஞ்சிடும் டொக்டர்,” என்றாள் சாம்பவி. சூசைதாசன் என்ற மனிதரை அவள் கண்டதில்லை. இலங்கை என்று எழுதிய பலகைக்குப் பின்னால் போய் இருந்தாள். இந்த வித்தை பலிக்காவிட்டால் இன்னொரு வித்தை அவளிடம் இல்லை.

மாநாட்டின் தலைவர் உருகுவே நாட்டைச் சேர்ந்த அமைதியான மனிதர். அவர் சபையைத் தொடக்கி வாய் திறக்குமுன்னரே இரண்டு பலகைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. பெருநிலம். கடலகம்.

“முதலில் தூக்கியது நாங்கள்,” என்றார் வோல்மர்.

“பதிவைப் பார்க்கலாம்,” என்றார் தானோ.

தலைவர் குழம்பிப்போய், கிட்ட இருந்தவர் என்பதால் வோல்மருக்கு இடம் கொடுத்தார். வோல்மர் எழுந்து நின்றார். பெருநிலம் மனித உயிரை எதற்கும் மேலாக மதிக்கிறது என்றார். ஆகவே, தாங்கள் செய்த சிறுநீரகம் எந்த நாட்டவரின் உடலில் இருந்தாலும், இன்றிலிருந்து எந்தத் தடையும் அதைத் தொடாது.

மண்டபம் கைதட்டியது. தானோ அது ஓயும்வரை நின்றார். கடலகம் இதை வரவேற்கிறது, ஆனால் இது போதாது என்றார். சிறுநீரகம் மட்டும் ஏன்? இதயம், செவி, கண், கை கால், உடலோடு சேர்ந்த எதுவாக இருந்தாலும், அது சேர்ந்த நாளிலிருந்து பண்டம் அல்ல, உறுப்பு. உறுப்புக்கு ஏற்றுமதிச் சட்டம் இல்லை.

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்,” என்றார் வோல்மர், உட்காராமலே. “அதோடு, அந்த மனிதர் உயிரோடு இருக்கும்வரை சேவை தொடரும். நிறுவனமே மூடப்பட்டாலும் தொடரும்.”

“நாளை வரும் அரசுகள் மனம் மாறினால்?” என்றார் தானோ. “நாங்கள் எங்கள் மின்கையொப்பத்தின் சாவியையே ஒரு மூன்றாம் நாட்டிடம் ஒப்படைக்கத் தயார். பெருநிலம் தயாரா?”

வோல்மரின் முகம் சிவந்தது. அவருடைய உதவியாளர் காதில் ஏதோ சொல்லப்போனார். வோல்மர் கையால் அவரை விலக்கினார். “எந்த நாடு?” என்றார்.

அதில்தான் சிக்கியது. தானோ சொன்ன நாடுகளை வோல்மர் ஏற்கவில்லை. வோல்மர் சொன்னவற்றைத் தானோ ஏற்கவில்லை. ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவரின் நண்பராக இருந்தது. கைதட்டல் அடங்கிப்போய், மண்டபத்தில் கசமுசாப் பேச்சு எழுந்தது. எல்லாம் கைநழுவிப் போகிறது என்று சாம்பவிக்குத் தோன்றியது.

பின்வரிசையில் தொங்கா நாட்டின் பிரதிநிதி மெல்லப் பலகையைத் தூக்கினார். “இந்த விடயத்தில் ஆள் இழந்த நாடு ஒன்று இங்கே இருக்கிறது. இன்று காலைதான் ஒருவரை இழந்தது என்று கேள்விப்பட்டேன். அவர்களிடம் கொடுங்கள்.”

தலைகள் இலங்கையின் பலகைப் பக்கம் திரும்பின. வோல்மர் யோசித்தார். தங்களுக்குச் செயற்கைக்கோள் நிலையத்துக்கு இடம் கொடுத்த நாடு. மறுக்கக் காரணம் இல்லை. தானோ அதிக நேரம் யோசித்தார். தாங்களே தடை விதித்த நாடு. ஆனால் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உங்களை நம்ப மாட்டோம் என்று அந்த நாட்டின் முகத்தைப் பார்த்துச் சொன்னால், அதுவரை பேசிய அத்தனையும் காற்றோடு போகும்.

“கடலகம் சம்மதிக்கிறது,” என்றார் தானோ. “இலங்கைக்கான மருத்துவச் சேவை இக்கணமே தொடங்கும்.”

சாம்பவி நன்றி சொல்ல எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்திருந்த உரை கையில் இருந்தது. ஒரு வசனம்கூட அதில் இப்போது பொருந்தவில்லை. “இலங்கை ஏற்றுக்கொள்கிறது,” என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தாள்.

மதிய உணவுக்குக் கலையும்போது நிரோசன் அழைத்தார். “வந்திட்டுது மிஸ். எல்லாருக்கும் வந்துகொண்டிருக்கு.” பின்னால் வோட்டில் யாரோ அழுவதும் யாரோ சிரிப்பதும் கேட்டது. சாம்பவி தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்று, வருவோர் போவோர் பார்க்கப் பார்க்க அழுதாள்.

அன்று மாலை அபேரத்ன கொழும்பிலிருந்து அழைத்தார். அவருடைய குரலில் அவள் அதுவரை கேட்காத ஒரு துள்ளல் இருந்தது.

“நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? கடலகத்தின் தலைவருடைய உடலில் இருப்பது இந்தச் சிறுநீரகம்தான். பெருநிலத்தின் தளபதிகளில் எத்தனை பேருக்கு எது இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் தெரியும். அத்தனையின் சாவியும் எங்களிடம் வருகிறது. ஒப்பந்த வரைவில், சேவையை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் எங்களுக்கு விட்டுவையுங்கள். பாவிக்கத் தேவையில்லை. கையில் இருந்தால் போதும்.”

“அவர்களும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள் சேர்.”

“சாம்பவி, சின்ன நாட்டுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது.”

“வரைவு முடிந்துவிட்டது சேர். இந்தச் சாவியால் புதுப்பிக்க மட்டும்தான் முடியும். நிறுத்துகிற வழியையே இரண்டு பேரும் தங்கள் பொறியியலாளர்களைக் கொண்டு எடுத்துவிடுகிறார்கள். மதியமே ஒப்பமிட்டாயிற்று.”



“என்னிடம் கேட்காமலா?”

“கேட்டிருந்தால் நீங்கள் இப்போது சொன்னதைச் சொல்லியிருப்பீர்கள். என்னால் மறுக்க முடியாமல் போயிருக்கும்.”

“வந்ததும் பேசுவோம்,” என்று அவர் தொலைபேசியை வைத்தார்.

வந்ததும் அதிகம் பேசவில்லை. அவளுக்கு வரவேண்டியது என்று எல்லாரும் எதிர்பார்த்த தூதுவர் பதவி வேறொருவருக்குப் போனது. சாம்பவியை மன்னாரில் அமையப்போகும் சாவி நிலையத்துக்குப் பொறுப்பாக மாற்றினார்கள். கொழும்பில் பலரும் அவளை வழியில் நிறுத்தித் துக்கம் விசாரித்தார்கள். அவளோ அன்றே பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். பந்தயத்தைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, இனி உலகம் முழுவதிலுமுள்ள மூன்று கோடி உடல்கள் தன் வாசலால் போய்வரும் என்பது பதவி உயர்வாகத்தான் தெரிந்தது.

நிலையம் திறந்த அன்று தானோவும் வந்திருந்தார். உள்ளே பெரிய திரையில் வெறும் புள்ளிகள். கையொப்பம் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. பெயர் இல்லை, நாடு இல்லை.

“இதில் எங்களுடையவை எவை?” என்று கேட்டார் தானோ.

“தெரியாது. எங்களுக்குத் தெரியாத மாதிரித்தான் கட்டச் சொன்னேன்.”

தானோ தலையசைத்தார். அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று சாம்பவிக்குப் பிடிபடவில்லை.

விழாவில் முதலாவதாகப் பிலோமினா ரீச்சரை மேடையில் இருத்தி அவருடைய சிறுநீரகத்தைப் புதுப்பிப்பதாக ஏற்பாடு. ரீச்சர் வரவில்லை. மாகாண இறுதியாட்டம் இருக்கிறதாம். “படம் எடுக்கோணுமெண்டா மைதானத்துக்கு வரச் சொல்லுங்கோ,” என்று சொல்லியனுப்பியிருந்தார். சாம்பவி பேச்சுகள் முடியும்வரை காத்திருக்கவில்லை. நிரோசனையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ரீச்சர் கோட்டோரத்தில் நின்றார். சப்பாத்து இறுக்கிக் கட்டியிருந்தது. தன் அணியின் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தியை, பந்து எங்கே விழுகிறது என்று கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

நிரோசன் தொலைபேசியைப் பார்த்தார். “இப்ப ரீச்சருக்குக் கையொப்பம் போயிருக்கும் மிஸ்.”

சாம்பவி ரீச்சரை உற்றுப் பார்த்தாள். ரீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. திட்டு நிற்கவில்லை. பந்து வலைக்கு மேலாகப் போனது, திரும்பி வந்தது.

இடைவேளையில் ரீச்சர் அவர்களைக் கண்டு கையசைத்தார். “மிஸ், நல்ல நேரம் வந்தனீங்கள். புள்ளி போடுற பிள்ளைக்குக் காய்ச்சல். அந்தப் பலகையில நிக்கிறியளோ? ரெண்டு பக்கத்துக்கும் சரியாப் போடோணும், சொல்லிப்போட்டன்.”

சாம்பவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.